நம்ம மெட்ரோ: அல்சூரிலிருந்து ஒரு நெடுநாள் பயணியின் கணக்கு

பெங்களூருக்கு மாற்றலாகி வரும் நம்மூர்க்காரர்கள், மெட்ரோவை நம்பி வீடு பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். பார்க்கலாம். ஆனால் ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்பதோடு, அந்த லைனில் எத்தனை நிமிஷத்துக்கு ஒரு ரயில் என்றும் விசாரியுங்கள். புரோக்கர் தூரத்தை மட்டும்தான் சொல்வார்.

2011 அக்டோபரில் பையப்பனஹள்ளி–எம்.ஜி. ரோடு இடையே முதல் மெட்ரோ ஓடியபோது, இருந்த ஆறு ஸ்டேஷன்களில் எங்கள் அல்சூரும் ஒன்று. 6.7 கிலோமீட்டர் போய் இறங்கி என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டத்தான் ஆயிற்று. பாதை நீண்ட பிறகு கூட்டம் வந்தது. ரயிலுக்கோ மூன்றே பெட்டி. காலையில் இந்திராநகரில் கதவு மூடும்போது பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். 2018 ஜூனில் ஆறு பெட்டி ரயில்கள் வரத் தொடங்கின. புதிதாக ஒரு தூண் எழுப்பாமலே அதே பாதையில் ஒவ்வொரு ரயிலும் இரண்டு மடங்கு ஆளை ஏற்றிக்கொண்டது. என்னைக் கேட்டால், இந்த மெட்ரோவில் போட்ட பணத்திலேயே உருப்படியானது அந்தப் பெட்டிகளுக்குக் கொடுத்ததுதான்.

2023 மார்ச்சில் கே.ஆர். புரம்–ஒயிட்ஃபீல்டு பகுதியைத் திறந்தார்கள். நடுவே பையப்பனஹள்ளியிலிருந்து கே.ஆர். புரம் வரை இரண்டு கிலோமீட்டர் சொச்சம் பாக்கி. பென்னிகானஹள்ளியில் ரயில்வே தண்டவாளத்துக்கு மேலே இரும்பு கர்டர் ஏற்றும் வேலை முடியவில்லை. இறங்கி, பஸ் பிடித்து, மறுபடி பையைச் சோதனைக்குக் கொடுத்து ஏற வேண்டும். அக்டோபரில் அந்தத் துண்டு சேர்ந்த பிறகுதான் டின் ஃபேக்டரி சந்திப்பின் நெரிசலை மேலிருந்து பார்த்துக்கொண்டே போக முடிந்தது.

இன்னொரு பாதையான யெல்லோ லைனின் கதை வேறு. ஆர்.வி. ரோடு–பொம்மசந்திரா 19.15 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன், சுமார் 7,160 கோடி ரூபாய். பாதை தயார், ரயில் இல்லை. 2019-இல் சீன நிறுவனத்துக்குக் கொடுத்த பெட்டி ஆர்டர் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் கொல்கத்தா பக்கத்து டிட்டாகர் தொழிற்சாலையிலிருந்து பெட்டிகள் வந்தன. 2025 ஆகஸ்டில் மூன்றே ரயிலோடு, 25 நிமிஷத்துக்கு ஒன்று என்று தொடங்கினார்கள். பொம்மசந்திராவில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் என் மச்சான், ஒன்றைத் தவறவிட்டால் அரை நாள் லீவு போட்ட மாதிரி என்பான். ரயில்கள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர இடைவெளி குறைந்தது. அவனும் பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தான்.

கட்டணம்: 2017-க்குப் பிறகு 2025 பிப்ரவரியில்தான் ஏற்றினார்கள், ஆனால் ஒரேயடியாக. அதிகபட்சம் 60 ரூபாய் 90 ஆனது. சில இடங்களுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகி, கூச்சல் கிளம்பிய பிறகு உயர்வை 71 சதவீதத்துக்குள் நிறுத்தினார்கள். ஜப்பானிடமும் ஆசிய வளர்ச்சி வங்கியிடமும் வாங்கிய கடனை அடைக்க வேண்டும், சரி. ஆனால் மெட்ரோ வந்ததைக் காட்டி வாடகையை ஏற்றிய வீட்டுக்காரர்கள் இதில் எவ்வளவு கொடுத்தார்கள்? ஸ்டேஷனைச் சுற்றி ஏறிய நில மதிப்பில் பெரிய பங்கு வசூலித்திருந்தால் டிக்கெட்டில் இவ்வளவு கை வைக்க வேண்டியிருக்காது. என் மனைவி பேசாமல் ஆதாரைக் காட்டி, அரசு பஸ்ஸில் பெண்களுக்குத் தரும் இலவச ஜீரோ டிக்கெட் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கே திரும்பிவிட்டாள்.

ஸ்மார்ட் கார்டுக்கு 5 சதவீதத் தள்ளுபடி, கூட்டமில்லாத நேரத்தில் இன்னொரு 5. கட்டணம் ஏறியபோதே கார்டில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச இருப்பையும் 90 ரூபாயாக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் கேட் முன்னால் நின்று அதைத் தெரிந்துகொள்ளாதீர்கள்.