முதல் பாட்டு ஒலிக்கும் வரை: வொலுமியோ, மூட், பைகோர் பிளேயர்

ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கையளவு கணினி ஒன்றை வாங்கி, வீட்டு வைஃபையில் இயங்கும் பாட்டுப் பெட்டியாக அதை மாற்ற நினைப்பவர்களின் காதில் முதலில் விழுவது மூன்று மென்பொருள்களின் பெயர்கள்: வொலுமியோ, மூட் ஆடியோ, பைகோர் பிளேயர். மூன்றையும் காசில்லாமல் இறக்கி, மெமரி கார்டில் எழுதி, போனில் உள்ள பிரவுசரிலிருந்தே இயக்கலாம். திரையோ கீபோர்டோ வேண்டாம். இதில் எது சுலபம்? முதல் அரை மணி நேரத்தை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. ஏதாவது சிக்கும்போது புதியவருக்கு எது கைகொடுக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

முதல் அரை மணி நேரம் என்றால் வொலுமியோவை மிஞ்ச ஆளில்லை. கார்டைப் போட்டு மின்சாரம் கொடுத்ததும் தானே ஒரு ஹாட்ஸ்பாட்டைத் திறக்கும். போனை அதில் இணைத்தால் மொழி, பெயர், ஒலி வெளியீடு, வைஃபை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நம்மை அழைத்துப் போகும். மூட் ஆடியோவில், கார்டை எழுதும் நேரத்திலேயே ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற கார்டு எழுதும் மென்பொருளில் பயனர் பெயர், பாஸ்வேர்டு, வைஃபை விவரங்களைக் கொடுத்துவிட வேண்டும். இதைத் தவறவிட்டுவிட்டு "பெட்டி வேலை செய்யவில்லை" என்று சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. பைகோரில் வைஃபை வேண்டுமென்றால் கார்டில் உள்ள ஒரு மாதிரிக் கோப்பைத் திறந்து நிரப்பி, பெயர் மாற்றிச் சேமிக்க வேண்டும். புதியவர் முதல்முறை லேன் கேபிளைச் செருகிவிடுவது நல்லது.

அடுத்து வருவது டாக், அதாவது டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்ற ஒலி சிக்னலாக மாற்றும் கருவி. பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். பையின் தலையில் செருகும் டாக் அட்டையை எந்த மென்பொருளும் எப்போதும் தானாகக் கண்டுபிடிக்கும் என்று சொல்ல முடியாது. பட்டியலிலிருந்து நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரில்லாத மலிவு அட்டையில் பிசிஎம்5102 சிப் இருந்தால் பட்டியலில் அதன் பெயரைத் தேடிப் பயனில்லை. ஹைஃபைபெர்ரி டாக் என்பதைத் தேர்ந்தெடுத்து, மறுபடி பூட் செய்தால் ஒலி வரும். அந்தச் சிப்பில் ஒலியளவைக் குறைக்கும் வசதி கிடையாது. வொலுமியோவிலும் மூடிலும் மிக்சர் அமைப்பில் 'சாப்ட்வேர்' என்று வைக்காவிட்டால் பாட்டு முழுச் சத்தத்தில்தான் வரும். ஆம்ப்ளிஃபையரின் குமிழைக் குறைத்து வைத்துவிட்டு முதல் பாட்டைப் போடுங்கள்.

இந்த இடத்தில் மூட் எனக்குப் பிடித்துப்போகிறது. ஒவ்வொரு அமைப்புக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன 'ஐ' குறி இருக்கும். தொட்டால் அது என்ன செய்யும் என்று அங்கேயே விளக்கம் விரியும். முதல் பார்வைக்கு மெனு நிறைய இருப்பதுபோல் மலைப்பாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். போனிலிருந்து பாட்டை அனுப்ப உதவும் ப்ளூடூத், ஏர்பிளே, ஸ்பாட்டிஃபை கனெக்ட் எல்லாம் மூடுக்கென்று தனிக் கணக்கு எதுவும் திறக்காமலே கிடைக்கும். வொலுமியோவில் கூடுதல் வசதி தரும் செருகுநிரல்களுக்கு (பிளகின்) கணக்குத் தொடங்கியாக வேண்டும். பல அறைகளில் ஒரே பாட்டை ஒலிக்கவிட வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும். உழைப்புக்குக் காசு கேட்பதில் தவறில்லை, ஆனால் வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நம் சினிமாப் பாட்டுகளை அடுக்கும்போதுதான் பைகோரின் அருமை தெரிகிறது. ஒரு படத்தின் ஆறு பாட்டுக்கு ஆறு பாடகர்கள் இருப்பார்கள். கோப்பில் 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற குறிப்பை நிரப்பாவிட்டால், வொலுமியோவில் அந்த ஒரே படம் பாடகர் வாரியாகச் சிதறிக் கிடக்க வாய்ப்புண்டு. பைகோரில் நிறுவிக்கொள்ளும் லிரியான் மியூசிக் சர்வர் அதைத் தொகுப்பு ஆல்பமாகப் புரிந்துகொண்டு ஒன்றாக வைக்கும். குறிப்புகள் சரியாக இருந்தால் இசையமைப்பாளர் வாரியாகவும் தேடலாம். லாஜிடெக் 2012-இல் கைவிட்ட ஸ்க்வீஸ்பாக்ஸ் கருவிகளின் சர்வர்தான் இது. ஆர்வலர்கள் இன்றுவரை வளர்த்து வருகிறார்கள். பல அறை ஒத்திசைவு இதில் இலவசம், அருமையாகவும் இருக்கும். ஆனால் அதை நிறுவும் முன் கார்டில் இடத்தை விரிவாக்க வேண்டும். பாட்டை ஒலிக்கும் 'பிளேயர்', பாட்டுகளை அடுக்கி அனுப்பும் 'சர்வர்' என்று இரண்டு தனி விஷயங்கள் இருப்பதும் புதியவரைக் குழப்பும்.

கரண்ட் அடிக்கடி போகும் ஊர்க்காரர்கள் கவனிக்க: பைகோர் கார்டில் எழுதிக்கொண்டிருக்காமல் முழுக்க ரேமில் (தற்காலிக நினைவகத்தில்) ஓடுவதால், பிளேயராக மட்டும் வைத்திருந்தால் பிளக்கைப் பிடுங்கினாலும் கார்டு கெடும் பயம் குறைவு. சர்வரையும் அதிலேயே போட்டால் அந்த நிம்மதி கொஞ்சம் போய்விடும். மற்ற இரண்டையும் மெனுவில் போய் நிறுத்திவிட்டு அணைப்பதுதான் முறை. ரோபீ என்று ஒன்றும் உண்டு. அது பிரதானமாக ரூன் என்ற கட்டண இசை மென்பொருளுக்குக் காசு கட்டியவர்களுக்கானது, இப்போதைக்கு விட்டுவிடலாம்.

வீட்டில் பெரியவர்களுக்குச் செய்து கொடுக்கிறீர்கள், இன்றே பாட வேண்டும் என்றால் வொலுமியோ. நீங்களே கற்றுக்கொண்டு பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் மூட். என் ஓட்டு அதற்குத்தான். இரண்டு மூன்று அறை, பெரிய பாட்டுச் சேமிப்பு, கொஞ்சம் பொறுமை மூன்றும் இருந்தால் பைகோர்.

எதை எடுத்தாலும் பாட்டுகளை மெமரி கார்டில் வைக்காமல் தனி யூ.எஸ்.பி. டிரைவில் வையுங்கள். கூடவே இன்னொரு கார்டு வாங்கிக்கொண்டால், பழையதை அழிக்காமல் அடுத்ததையும் போட்டுப் பார்க்கலாம்.