தட்டைத் தலையா, உருண்டைத் தலையா? ஏர்கன் ரவை வாங்கும் முன்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஏர்கன் ரவையின் எடையோ அரை கிராம். திருவையாற்றில் எங்கள் தென்னந்தோப்பு தெற்கு வடக்காக நீண்டது. மேல்காற்று சரியாகக் குறுக்கே விழும். 10 மீட்டரில் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கிய ஐந்து துளைகள், 50 மீட்டரில் சாப்பாட்டுத் தட்டளவுக்குச் சிதறின. துப்பாக்கியைத் திட்டிவிட்டு, பிறகுதான் ரவையைச் சந்தேகித்தேன்.

4.5 மி.மீ. ரவை பெரும்பாலும் உடுக்கை வடிவம்தான்: இடுப்பு சிறுத்து, பின்பக்கம் பாவாடைபோல் விரிந்து குழிந்திருக்கும். காற்றழுத்தத்தில் அந்தப் பாவாடை விரிந்து குழலின் வரிப்பள்ளங்களைப் பற்றிக்கொள்கிறது. வேறுபாடு தலையில்.

தட்டைத் தலை 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிக்கென்றே ஆனது. பஞ்சிங் மெஷின் போட்டதுபோல் அட்டையில் வட்டமாக ஓட்டை விழும். பத்துப் புள்ளிக்கான பொட்டு வெறும் 0.5 மி.மீ. என்பதால், ஓட்டையின் விளிம்பு கிழிந்தால் புள்ளிக்குத் தகராறுதான். ஆனால் 25 மீட்டரைத் தாண்டினால் இதே தட்டை முகம் எதிரியாகிவிடுகிறது. எதிர்காற்றில் குடையை விரித்துப் பிடித்து நடப்பவன் கதைதான். வேகம் மளமளவென்று குறைகிறது.

உருண்டைத் தலையில் காற்று வழுக்கிப் போகிறது. அட்டையில் ஓரம் பிய்ந்த ஓட்டைதான் விழும். 50 மீட்டரில் அதை யார் பார்க்கப்போகிறார்கள்? கூர்முனை ரவையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பார்க்க மிடுக்காக இருக்கும். டப்பாவுக்குள்ளேயே முனை நசுங்கி, ஒவ்வொன்றும் ஒரு திசைக்குப் போகும்.

அடுத்த கேள்வி எடை. உருண்டைத் தலையிலேயே 0.547 கிராமும் உண்டு, 0.67 கிராமும் உண்டு. கனமானது குழலை விட்டு மெதுவாகக் கிளம்பும், கூடுதலாகத் தாழும். தாழ்வை சைட்டை, அதாவது குறிபார்க்கும் கருவியை, ஏற்றிச் சரிசெய்துவிடலாம். எவ்வளவு என்பது நாளுக்கு நாள் மாறாது. காற்று அப்படியல்ல, நொடிக்கு நொடி மாறும். பறக்கும் வழியில் ரவை எவ்வளவு வேகத்தை இழக்கிறதோ அந்த அளவுக்கே குறுக்குக் காற்று அதைத் தள்ளும். கனமானது கிளம்பிய வேகத்தை விடாமல் வைத்துக்கொள்வதால் என் ஓட்டு அதற்கே. ஸ்பிரிங் வலுக்குறைந்த துப்பாக்கி என்றால் மட்டும் இலேசானதோடு நின்றுகொள்ளுங்கள்.

பெரிய ரைபிளிலும் இதே வழக்குதான். .308 அங்குல ரகக் குழலில் 168 கிரெயின் (ஏறக்குறைய 11 கிராம்) போட்டித் தோட்டா 300 மீட்டருக்குப் பேர்போனது. 1000 கஜம் போவதற்குள் ஒலியின் வேகத்துக்கு இறங்கித் தள்ளாடும். அந்தத் தூரத்துக்கு 175 கிரெயினை எடுப்பது அதனால்தான்.

வாங்கும்போது டப்பாவை ஒரு தட்டில் கொட்டிப் பாருங்கள். மலிவாகக் கிடைத்ததென்று நான் வாங்கிய ஒன்றில் கால்வாசிக்குப் பாவாடை நசுங்கியிருந்தது. கடைக்காரர் மாற்றித் தரவில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் ஈயம் வெள்ளைப்பொடி பூக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு உருட்டி வைத்தால் போதும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள். இலக்குக்குப் பின்னால் ஆளுயர மண்மேடு இல்லாமல் தோப்பில் ஒரு ரவையும் சுடக்கூடாது.

தலையின் விட்டம் 4.50, 4.51, 4.52 என்று வரும். என் குழலுக்கு 4.52 ஒத்துவந்தது, பக்கத்து வீட்டுத் தம்பியின் அதே மாடல் துப்பாக்கி 4.51-ஐத்தான் ஏற்றுக்கொண்டது. ஒவ்வொன்றிலும் ஐந்து சுட்டு, துளைகளின் விரிவை ஸ்கேல் வைத்து அளந்துதான் தெரிந்துகொண்டோம். அதையும் காலை ஆறு மணிக்கு, தென்னங்கீற்று அசையாத நேரத்தில்.