ரஷோமோன் ப்ளூ-ரே வட்டு: உடன் ஒலிக்கும் விளக்கவுரை

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1950இல் எடுத்த ‘ரஷோமோன்’ படத்தை முதன்முறை பார்த்தபோது, ஒரு சாமுராய் வீரன் காட்டில் இறந்த ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் நால்வரில் யார் சொல்வது உண்மை என்று தேடுவதிலேயே என் கவனம் முழுவதும் போய்விட்டது. அண்மையில் வாங்கிய வட்டில், படம் ஓடும்போதே காட்சிகளை விளக்கிச் செல்லும் திறனாய்வாளர் ஒருவரின் குரல் தனி ஒலித்தடமாக இருக்கிறது. வட்டை வாங்கியதற்கு அதுவே போதுமான காரணம்.

விசாரணைக் காட்சிகளில் நீதிபதி திரையில் வருவதுமில்லை, அவர் குரல் கேட்பதுமில்லை. சாட்சிகள் நம்மை நோக்கியே பேசுவதால் அவருடைய இருக்கையில் நாம் அமர்த்தப்படுகிறோம் என்பதை, கண்ணால் பார்த்தும் நான் உணராமல் இருந்திருக்கிறேன். அதேபோல், சாமுராயோடு 23 முறை வாள் மோதியதாகக் கொள்ளைக்காரன் பெருமையடித்துக்கொள்ளும் சண்டை, விறகுவெட்டி சொல்லும்போது கை நடுங்க, மூச்சிரைக்க, மண்ணில் தவழும் இருவரின் வெறும் பயமாக மாறிவிடுகிறது. உரையாளர் சொன்னபடி இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்த்த பிறகு, யார் பொய் சொல்கிறார் என்பதைவிட, ஒவ்வொருவரும் தம்மை ஏன் இப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறார்கள் என்ற கேள்வியே என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

குறையும் உண்டு. ஒளிப்பதிவாளர் கசுவோ மியகாவாவின் கேமரா இலைகளினூடே சூரியனையே நேராகப் பார்க்கும் அற்புதமான இடத்தில், உரையாளர் 1951 வெனிஸ் திரைப்பட விழாவில் படம் பெற்ற விருதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். விளக்கவுரையை இயக்கியதும் வசன வரிகள் மறைந்துவிடுவது அதைவிட எரிச்சல். ஆகவே, படத்தை ஒருமுறையாவது தனியே பார்த்துவிட்டு இதைக் கேளுங்கள்.