வேலை, நகை, சீட்டு, காணி: சிறுதொழிலுக்கு எதைக் கொடுக்கலாம்?

"காசுக்கு என்ன செய்யப்போறாய்?" சொந்தமாக ஒரு தொழில் தொடங்கப் போறன் என்று வாய் திறக்கிற எவருக்கும் யாழ்ப்பாணத்து வீட்டில் விழுகிற முதல் கேள்வி இது. மறுமொழியும் பெரும்பாலும் நாலைந்துக்குள் அடங்கிவிடும்: வேலையை விட்டால் கைக்கு வருகிற காசு, மனைவியின் நகை, சீட்டு, காணி உறுதி, கனடாவில் இருக்கிற அண்ணா. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். தொழில் சறுக்கிய வீடுகள் சில எனக்குத் தெரியும். அங்கே நட்டம் ஒன்றிரண்டு வருடத்தில் ஆறிவிட்டது. கொடுக்கக்கூடாததைக் கொடுத்த காயம் இன்னும் ஆறவில்லை.

ஒப்பிட வசதியாக ஒரு தொழிலை எடுப்போம். வீட்டில் வறுத்து, மில்லில் அரைத்து, பக்கெற் போட்டு விற்கிற கறித்தூள். பெரிய தாச்சி, தராசு, சீல் பண்ணுகிற மெஷின், லேபல், செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, மூன்று மாதத்துக்கான கைக்காசு எல்லாம் சேர்த்து ஐந்து இலட்சம் ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

வேலையை விடுவது

கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில (அரசாங்கத்தில்) மேய்க்கோணும் என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. அந்தச் சொல்லைப் பழிப்பவர்கள் பலர். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. போர்க்காலத்தில் எத்தனையோ வீடுகளை இழுத்துக்கொண்டு போனவை அரச சம்பளமும் பென்சனும். அரச உத்தியோகத்தை இடையில் ராஜினாமா செய்தால் பென்சனும் போய்விடும் என்பதால், இன்றைய சம்பளத்தோடு அறுபது வயதுக்குப் பிறகான சோற்றையும் சேர்த்தே கைவிடுகிறோம். 2022இல் அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா லீவில் போகலாம் என்று சுற்றறிக்கை வந்தபோது பலர் அதில் வெளிநாடு போனார்கள். அப்படியொரு லீவு இன்று உங்கள் திணைக்களத்தில் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்காமல் ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம்.

தனியார் வேலையில் இருப்பவர்கள் பலர் "விட்டால் இ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு வரும்தானே" என்று கணக்குப் போடுகிறார்கள். சம்பளத்தில் எட்டு வீதம் நாங்கள், பன்னிரண்டு வீதம் முதலாளி என்று சேர்கிற அந்தக் காசு சாதாரணமாக ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும்தான் கைக்கு வரும். பத்து வருடம் சேர்ந்தவர்கள் முப்பது வீதம் முன்கூட்டி எடுக்க வழி இருக்கிறது, ஆனால் அது வீட்டுக்கும் வைத்தியத்துக்கும். தொழிலுக்கு இல்லை. வேலையை விட்டவுடன் கேட்கக்கூடியது முதலாளி கட்டுகிற மூன்று வீத இ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) மட்டும், அதையும் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் எடுக்கலாம். அறுபதாயிரம் சம்பளம் என்றால் மாதம் 1,800 ரூபாய். பத்து வருடத்துக்கு 2,16,000, அதன்மேல் வட்டி. அது எங்கள் ஐந்து இலட்சத்தை எட்டாது, அதற்காகச் சம்பளம் முழுவதையும் விட வேண்டியிருக்கிறது.

அதனால் முதல் ஆறு மாதமாவது வேலையை வைத்துக்கொண்டு நித்திரையைக் கொடுங்கள் என்பேன். கொக்குவிலில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா கடையொன்றில் காசாளர். விடிய நாலு மணிக்கு எழும்பி மல்லியைத் தனியே வறுப்பார், கருகாமல், வாசம் எழும்பும் பதத்தில் இறக்கி பேப்பரில் பரப்புவார். பிறகு செத்தல். கறிவேப்பிலை கடைசியில், கையில் நொறுங்குகிற அளவுக்கு. வேலைக்குப் போகிற வழியில் மில்லில் இறக்கிவிட்டுப் பின்னேரம் எடுத்து வருவார். தொடக்கத்தில் மில்லிலிருந்து வந்த சூட்டோடு தூளைப் பக்கெற் போட்டு சீல் பண்ணியதில், உள்ளே வியர்த்துத் தூள் கட்டிபட்டுவிட்டது. முழுவதையும் கொட்டினார். ஆனால் அந்த மாதமும் சம்பளம் வந்தது, பிள்ளையின் ரியூசன் காசு நிற்கவில்லை. இப்போது தூளை இரவு முழுக்க மெல்லிய துணி மூடி ஆறவைத்து அடுத்த நாள்தான் பக்கெற் போடுகிறார். வேலையை விட்டுவிட்டு இதே பாடத்தைப் படித்திருந்தால் அவர் தொழிலையே விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். கோயில் திருவிழா, கலியாண வீடு, ஞாயிற்றுக்கிழமை என்று அவர் விட்டவை கனம்தான். ஆனால் அவை அவருடையவை.

நகை: அடைவா, விற்பனையா?

இங்கே நகையை விற்பது மானக்கேடு, அடைவு (அடகு) வைப்பது வழமை. விற்றால் ஊருக்குத் தெரியும், அடைவு வைத்தால் பாங்குக்கு மட்டும் தெரியும் என்பது வீடுகளில் ஓடுகிற நியாயம். கணக்கைப் பாருங்கள். ஐந்து இலட்சத்துக்கு மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி என்று வைத்தால் மாதம் 7,500 ரூபாய். கறித்தூளில் கிலோவுக்கு 150 ரூபாய் மிஞ்சுகிறது என்றால், மாதம் ஐம்பது கிலோ வட்டிக்கு மட்டும் விற்க வேண்டும். வருடக் கடைசியில் 90,000 ரூபாய் கட்டிய பிறகும் காப்பு பாங்கில்தான் கிடக்கும். தவணை பிந்தினால் ஏலம்.

விற்பதிலும் நட்டம் இருக்கிறது. கஸ்தூரியார் வீதியில் எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது, கல்லின் நிறை கழியும். 2022இல் டொலர் இருநூறு ரூபாய் அளவிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் பாய்ந்தபோது பவுண் விலையும் கூடவே ஏறியது. அதற்குச் சற்று முன் விற்றவர்களின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். அடைவு வைத்து மீட்டவர்கள் தப்பினார்கள். ஆனால் அதே வருடம் வட்டி வீதமும் ஏறியது, மீட்க முடியாமல் போனவர்களும் உண்டு.

என் தீர்ப்பு இப்படி: சாமானுக்கு அடைவு, மெஷினுக்கு விற்பனை. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து சனம் வரும், பெட்டி நிறையத் தூள் கட்டிக்கொண்டு போகும். அதற்குமுன் மல்லியும் செத்தலும் வாங்க ஒரு சோடிக் காப்பை இரண்டு மூன்று மாதம் வைத்து மீட்பது சரியான வேலை. போட்ட காசு அந்தப் பருவத்திலேயே திரும்பும். மெஷினில் போட்ட காசு திரும்ப வருடங்கள் எடுக்கும். அதற்கு அடைவு வைத்தால் வட்டி மெஷினையே தின்னும். ஒரு நகையை விற்று, அழுவதை ஒரே நாளில் அழுது முடிப்பது மேல். தாலிக்கொடி இதற்குள் வரவே கூடாது.

சீட்டு

இருபது பேர், மாதம் பத்தாயிரம், இரண்டு இலட்சம் ரூபாய்ச் சீட்டு. அவசரக்காரர் முதல் மாதமே நாற்பதாயிரம் கழித்து 1,60,000க்கு எடுப்பார். அந்தக் கழிவு எல்லாருக்கும் பிரிந்து, பொறுத்திருப்பவருக்கு லாபமாகும். ஆகவே தொழில் தொடங்க இன்னும் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருக்கிறது என்றால் சீட்டு நல்லது: கட்டாயச் சேமிப்பு, கடைசியில் எடுத்தால் கழிவும் இல்லை. அடுத்த மாதமே தொடங்க வேண்டியவருக்கு அது விலை கூடிய கடன். பிடிக்கிறவர் ஓடிவிட்டால் காசும் போகும், சொந்தமும் போகும் என்பதை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காணி, வெளிநாடு, நுண்கடன்

ஐந்து இலட்சத்துக்கு வளவை ஈடு வைக்க வேண்டாம். அளவுக்கு மிஞ்சிய பணயம் அது. அண்ணாவின் காசுக்கு வட்டி இல்லை, ஆனால் தவணையும் இல்லை. திருப்பிக் கேட்காத கடன் நல்லது கெட்டதுகளில் முகம் பார்க்க விடாது. வாங்கினால் எந்த மாதம், எவ்வளவு திருப்புவேன் என்று எழுதி அனுப்பிவிட்டு வாங்குங்கள். வாசலுக்கு வந்து கிழமைக் கிழமை அறவிடுகிற குழுக்கடன் தொடக்கத் தொழிலுக்குப் பொருந்தவே பொருந்தாது. கறித்தூளின் காசு கிழமைக் கணக்கில் வருவதில்லை. வடக்கில் பெண்கள் இதில் பட்ட பாடு பெரிது. 2018இல் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நகை என்கிறபோது அது அநேகமாக மனைவியின் நகை. வளவு என்கிறபோது அது அநேகமாக அவருடைய சீதனம். தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு) உட்பட்ட மனைவி தன் அசையாத ஆதனத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டுச் சட்டம். நகை அசையும் பொருள், அதை விற்க அவருக்கு எவருடைய சம்மதமும் தேவையில்லை. அதாவது அவர் முழு உரிமையோடு வைத்திருக்கிற பெரிய சொத்து அநேகமாக அந்த நகை ஒன்றுதான். அதைக் கழற்றித் தந்தபிறகு தொழில் கணவனின் தனிப்பெயரில் பதிவாவதை நான் எத்தனையோ வீட்டில் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பங்காளர்களாக இருவர் பெயரிலும் பதிய விண்ணப்பிக்கலாம். நகையைக் கழற்றுவதற்கு முன் அந்த விண்ணப்பத்தை எடுத்து வந்து, அவருடைய பெயரையும் எழுதி, இருவரும் கையெழுத்து வையுங்கள். பாங்குக் கணக்கையும் இரண்டு பெயரில் திறவுங்கள். அதற்குச் சம்மதமில்லாத கணவன் தன் மோட்டார் சைக்கிளை விற்றுத் தொடங்கட்டும்.