தொண்டுக்கு எது மேல்: ஒரு நாள் கச்சேரியா, மாதம் ஒரு புத்தகமா?

1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் சிதார் கலைஞர் ரவிசங்கரும் பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் போரால் தவித்த வங்கதேச அகதிகளுக்காக இரண்டு காட்சிகளாகக் கச்சேரி நடத்தினார்கள். டிக்கெட் வசூல் சுமார் 2,43,000 டாலர் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபுக்குப் போனது. சிக்கலில் மாட்டியது அந்தக் கச்சேரியைப் பதிவுசெய்து வெளியிட்ட இசைத்தட்டு, படத்தின் வருமானம்தான். தொண்டு நிகழ்ச்சி என்று முன்கூட்டியே முறைப்படி பதியாததால் அமெரிக்க வரித்துறை அதில் கைவைத்தது. பெரும்பங்கு பல ஆண்டுகள் முடங்கியது. பசி அதுவரை காத்திருக்குமா?

அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் 1995இல் தன் மாநிலமான டென்னசியில் தொடங்கிய தொண்டு வேறு வகை. பிறந்தது முதல் ஐந்து வயதுவரை, குழந்தையின் பெயருக்கே மாதம் ஒரு புத்தகம் தபாலில் வரும். பதிவையும் செலவில் ஒரு பங்கையும் உள்ளூர் அமைப்பு சுமக்கிறது. அது கைவிட்டால் அங்கே புத்தகம் நிற்கும்.

போரையும் புத்தகத்தையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லைதான். உலகின் பார்வையைத் திருப்பியதற்கு ஹாரிசனுக்குப் பாராட்டு; கணக்கு வழக்குக்கு டாலிக்குத்தான்.