சிபிடியா, லோகோதெரபியா?

"எதற்காக வாழ்கிறேன்?" என்ற கேள்வி தூங்கவிடாமல் படுத்தினால் எந்தச் சிகிச்சைக்குப் போவது?

சிபிடி (CBT, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை), 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கியது. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணத்தைப் பிடித்து, ஆதாரம் எங்கே என்று கேட்கும். வீட்டுப்பாடமும் உண்டு. மனச்சோர்வு, பதற்றம் சேர்ந்திருந்தால் முதலில் இதுதான்.

ஆனால் ஒருநாள் சாவோம் என்பது தவறான எண்ணம் இல்லையே, அதை எப்படித் திருத்துவது? இங்கேதான் நாஜி முகாம்களிலிருந்து உயிர் பிழைத்த வியன்னா மருத்துவர் விக்டர் ஃபிராங்க்லின் லோகோதெரபி கைகொடுக்கிறது. செய்யும் வேலை, நேசிக்கும் மனிதர், தவிர்க்கமுடியாத துன்பத்தை எதிர்கொள்ளும் விதம் என மூன்று வழிகளில் அர்த்தம் தேடச் சொல்கிறது. இந்தக் கேள்விக்கு என் ஓட்டு இதற்கே.

அப்புறம், சாகவே தோன்றினால் ஒப்பீடெல்லாம் வேண்டாம். இந்தியாவில் இருந்தால் உடனே 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள்.