கார்பன் ஃபைபர் கிட்டார்: சென்னை வெயில், கொடைக்கானல் குளிர், ஏசி ஹால் எல்லாம் தாங்குமா?

கார்பன் கிட்டார் வாங்கிவிட்டால் ட்யூனரைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெயிலோ குளிரோ சுருதி அசையவே அசையாது என்று விளம்பரம் செய்கிறார்கள். அதில் பாதி உண்மை, அந்தப் பாதிக்காகவே இதை வாங்கலாம், ஆனால் மீதிப் பாதியையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

என்னிடம் இருப்பது சீனாவில் செய்த நடுத்தர அளவு கிட்டார். பாடி, நெக் எல்லாமே கார்பன், உள்ளே பிக்அப் (சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) உண்டு. பிராண்ட் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன், ஏனென்றால் கீழே சொல்வதில் முக்கால்வாசி இந்த வகை கிட்டார் எல்லாவற்றுக்கும் பொருந்தும், குறைகளும் சேர்த்துத்தான்.

எனக்கு வாசிக்கிற வேலை பெரும்பாலும் சென்னையில். கல்யாண ரிசப்ஷன், சர்ச், டிசம்பர் வந்தால் ராத்திரி முழுக்க வேனில் ஏறி இறங்கி கேரல் ரவுண்ட்ஸ், நடுவே எப்போதாவது கொடைக்கானல், ஊட்டி பக்கம் கேம்ப். மர கிட்டாரை இத்தனை இடத்துக்கும் இழுத்துக்கொண்டு அலைந்தவர்களுக்குத் தெரியும், ஐப்பசி மழை பிடித்ததும் டாப் (முன்பலகை) லேசாக உப்பும், அதில் ஸ்ட்ரிங்கைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் மேலே வரும், ஆக்‌ஷன் (நெக்கிலிருந்து ஸ்ட்ரிங் நிற்கும் உயரம்) ஏறி பார் கார்டு (ஒரே விரலால் பல ஸ்ட்ரிங்கை அழுத்துவது) பிடிக்கவே விரல் வலிக்கும். சரி என்று கடைக்காரரிடம் கொடுத்து பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் சின்னப் பட்டையான சாடிலைத் தேய்த்து இறக்கினால், அடுத்து ஏசி போட்டே வைத்திருக்கும் ஸ்டுடியோவில் நாள் கணக்கில் உட்காரும்போது அதே டாப் வற்றி அமுங்கி, ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த கம்பி) பட்டு 'ஸ்ஸ்' என்று இரையும். பிறகு புது சாடில். இது முடியாத கதை.

இதில் வெப்பநிலையைவிடக் காற்றின் ஈரப்பதம்தான் பெரிய வில்லன். மரம் ஈரத்தைக் குடித்தால் ரேகைக்குக் குறுக்காக விரியும், காய்ந்தால் சுருங்கும். மர கிட்டாரை 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள் என்பார்கள். சென்னையில் மழைக்காலத்தில் 80 சர்வ சாதாரணம். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும் குளிர்நாடுகளில் பிரச்சினை நேர் எதிர்: பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் இருக்கும் வெளிக்காற்றை அப்படியே 21 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். டாப் வெடிப்பது, ஃப்ரெட் முனைகள் நெக்கின் ஓரத்தில் முள் மாதிரி துருத்துவது எல்லாம் அங்கேதான் அதிகம். டொரொண்டோவிலோ ஆஸ்லோவிலோ இருக்கிற நம் ஆட்கள் ஹ்யூமிடிஃபையரும் கையுமாக அலைவது இதனால்தான்.

கார்பன் கிட்டாரில் இந்தத் தலைவலி அடியோடு போச்சு, அதில் சந்தேகமே வேண்டாம். ரெசின் என்ற பிசினில் ஊறி இறுகிய கார்பன் இழைக்கு ஈரமும் ஒன்றுதான், வறட்சியும் ஒன்றுதான். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சின்ன ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் அக்னி நட்சத்திரத்திலும் சரி, அடைமழையிலும் சரி, ஆறாவது ஸ்ட்ரிங் ஒரே கோட்டில்தான் நிற்கிறது. சாடிலில் கை வைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. மேடை ஏறும்போது இன்றைக்கு ஆக்‌ஷன் எப்படி இருக்குமோ என்ற யோசனை இல்லாமல் ஏறுவது எவ்வளவு நிம்மதி என்று மர கிட்டார் வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஸ்ட்ரிங் கார்பன் இல்லையே, அது இரும்பு. இதை யாரும் சொல்வதில்லை. எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு, மீட்டருக்கு 12 மைக்ரான் அளவுக்கு நீளும். கார்பனோ இழையின் திசையில் ஏறக்குறைய நீள்வதே இல்லை, சில வகைகளில் சூடானால் ஒரு துளி சுருங்கக்கூடச் செய்யும். ஆக வெயில் ஏறும்போது ஸ்ட்ரிங் நீளுகிறது, கிட்டார் அப்படியே நிற்கிறது, இழுவிசை குறைந்து சுருதி இறங்குகிறது. 10 டிகிரி வித்தியாசத்துக்கு 650 மில்லிமீட்டர் ஸ்ட்ரிங் நீள்வது 0.08 மில்லிமீட்டர்தான், ஒரு தாளின் தடிமன்கூட இல்லை, ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால் முதல் ஸ்ட்ரிங்கில் 14 சென்ட் (ஒரு அரைச்சுரத்துக்கு 100 சென்ட்) அளவுக்கு இறக்கம் வருகிறது. இரண்டாவது ஸ்ட்ரிங்கில் 25 சென்ட்டுக்குப் பக்கம். அது தடிமனானது, கிட்டத்தட்ட அதே இழுவிசையில் குறைவாகத்தான் நீட்டப்பட்டிருக்கிறது, அதனால் அதே சின்ன நீட்சி அங்கே பெரிய பங்கைத் தின்றுவிடுகிறது. அரைச்சுரத்தில் கால் பங்கு போனால் ஜி கார்டு கேட்கிறவர் காதில் இடறும்.

ஏசி ஹாலில் ட்யூன் செய்துவிட்டு வெளியே புல்வெளி மேடைக்குப் போனபோது க்ளிப் ட்யூனரில் பார்த்தேன், முள் முதல் ஸ்ட்ரிங்குக்குக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்கிறது, இரண்டாவதான பி ஸ்ட்ரிங்குக்கு இன்னும் கொஞ்சம் கூட. எல்லா ஸ்ட்ரிங்கும் ஒரே அளவில் இறங்கினால் பரவாயில்லை, தனியாக வாசிக்கும்போது சமாளித்துவிடலாம். இப்படி ஆளுக்கொரு அளவில் இறங்குவதால் திரும்ப ட்யூன் செய்தே ஆக வேண்டும். மர கிட்டாரின் டாப்புக்குப் போடும் ஸ்ப்ரூஸ் மரம் ரேகையின் திசையில் கொஞ்சமாவது நீளும், அதனால் சூட்டின் கணக்கை மட்டும் பார்த்தால் மர கிட்டார் இந்த விஷயத்தில் நூலிழை மேல் என்றுகூடச் சொல்லலாம்!

அப்படியென்றால் கார்பனில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். லாபம் அதற்கு அப்புறம்தான். ஸ்ட்ரிங் மெல்லியது, சில நிமிடங்களில் வெளிச்சூட்டுக்கு வந்துவிடும், அதன் பிறகு ஒரு தடவை ட்யூன் செய்தால் நிகழ்ச்சி முடியும் வரை நிற்கும். மர கிட்டாரில் ஸ்ட்ரிங் நின்ற பிறகும் மரம் மெதுவாக ஈரம் குடித்துக்கொண்டே இருக்கும், பாட்டுக்குப் பாட்டு ட்யூன் செய்துகொண்டே இருக்க வேண்டும். கச்சேரியில் மிருதங்க வித்வான் ஏசி ஏறினாலும் இறங்கினாலும் கல்லை எடுத்துத் தட்டுகிறாரே, நம் பிழைப்பும் அதேதான், கார்பனில் தட்டுவது ஒரு முறையோடு முடிகிறது. மேடை விளக்குச் சூட்டில் வாசிப்பவர்கள் விளக்குக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ட்யூன் செய்யுங்கள், க்ரீன் ரூமில் செய்வது வீண்.

வியர்ப்பது இன்னொரு விஷயம். எனக்கில்லை, கிட்டாருக்கு. மழைக்கால ராத்திரியில் குளிர்ந்த ஹாலை விட்டு வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குமே, அதே மாதிரி கறுப்பு பாடி முழுக்கப் பனி பூத்து, விரலால் கோடு போடலாம் போல ஆகிவிடும். ஒரு துண்டால் துடைத்தால் போச்சு, பாடிக்கு ஒன்றும் ஆகாது. அந்தத் தண்ணீர் ஸ்ட்ரிங்கிலும்தான் பூக்கிறது, சாதாரண ஸ்ட்ரிங் நம் கடற்கரைக் காற்றில் சீக்கிரமே துரு பிடிக்கும், அதனால் கோட்டிங் போட்ட எலிக்ஸிர் மாதிரி செட்டுக்குக் காசு ஒதுக்குங்கள். பிக்அப்பின் சத்தத்தைக் கூட்டும் மின்சுற்றான ப்ரீஆம்ப்புக்கும் ஈரம் ஆகாது. என்னுடையதில் ஒரு கேரல் சீசனில் வால்யூம் திருகும்போதெல்லாம் கரகரவென்று சத்தம், காயவைத்த பிறகுதான் அடங்கியது. மழையில் நனையலாம் என்று விற்கும்போது மின்சுற்று நனையலாமா என்பதையும் சொல்ல வேண்டாமா?

கொடைக்கானலில் டிசம்பர் காலையில் நெக்கைத் தொட்டால் சுரீர் என்கிறது. கார்பன் கையிலிருந்து சூட்டை மரத்தைவிட வேகமாக உறிஞ்சும், முதல் பாட்டுக்கு விரல் ஒத்துழைக்காது. சுருதி மேலே ஏறியிருக்கும், இறக்கி வைத்தால் சரி. பக்கத்தில் நண்பரின் பழைய கிட்டாருக்கு லேக்கர் பூச்சு, குளிரில் அதில் மயிரிழைக் கோடுகள் விழுமோ என்று அவர் கேஸைத் திறக்கவே தயங்கினார். அவர் பயம் நியாயமானதுதான். குளிரில் கிடந்த மர கிட்டாரை அறைக்குள் கொண்டுவந்ததும் திறக்காமல், கேஸுக்குள்ளேயே மெதுவாகச் சூடேற விட வேண்டும்.

கார்? மே மாதம் வெயிலில் பூட்டி நிறுத்திய கார் உள்ளே 60 டிகிரியைத் தொடும், வெயில் நேராக விழும் கறுப்புப் பரப்பு அதையும் தாண்டும். மர கிட்டாரின் பசை அந்தச் சூட்டில் இளகும், பிரிட்ஜ் கழன்று வரும். கார்பனுக்கு எந்த ரெசின், எந்தச் சூட்டில் அதைப் பதப்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்தது. அடுப்பில் 120 டிகிரியில் பதப்படுத்திய ரெசின் அசராது, அறைச் சூட்டிலேயே இறுகவிட்டது 60, 70 டிகிரியில் நெகிழத் தொடங்கலாம், ஸ்ட்ரிங்குகளின் இழுவிசை மொத்தம் 70 கிலோவுக்கு மேல் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். போதாததற்குப் பிரிட்ஜ் இங்கேயும் பெரும்பாலும் பசையில்தான் நிற்கிறது. கார்பன்தானே என்று டிக்கியில் போட்டுவிட்டு சினிமாவுக்குப் போகாதீர்கள்.

இந்த யோசனையே சூட்டிலும் மழையிலும் பிறந்ததுதான். ஹவாய் தீவுகளில் மர கிட்டார் படும் பாட்டைப் பார்த்து ஜான் டெக்கர் என்ற இயற்பியலாளர் தொடங்கியது ரெயின்சாங் நிறுவனம், 1990களில் முழு கார்பன் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே, ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்த சார்லஸ் கமானின் ஓவேஷன் கிட்டார் நிறுவனம், 1976-ல் அடமாஸ் மாடலில் டாப்பைக் கார்பனில் செய்தது. அயர்லாந்தின் எமரால்ட், அமெரிக்காவின் மெக்ஃபர்சன் எல்லாம் இன்று பெரிய பெயர்கள், நம் ஊருக்கு வந்து சேரும்போது வரியோடு லட்சங்களில் நிற்கும். எனியா நோவா கோ மாதிரி சின்ன கிட்டார்கள் அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கும் கிடைக்கும், ஆனால் அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் கார்பன் கலந்து அச்சில் வார்த்தது, நெய்த கார்பன் துணியில் செய்தது அல்ல. ஈரத்துக்கு அதுவும் அஞ்சாது, பயணத்துக்கு நல்லது, ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். கார்பன் பாடிக்கு மர நெக் போட்டு விற்பதும் உண்டு, அங்கே நெக்குக்கு மரத்தின் எல்லா வியாதியும் வரும்.

சத்தம் பற்றி ஒரு வரி: பளிச்சென்று, நீளமாக நிற்கும், மைக்கில் அருமை, ஆனால் நல்ல ரோஸ்வுட் கிட்டாரின் அந்தக் கதகதப்பு இல்லை, பத்து வருடம் வாசித்தாலும் வராது.

பெரிய குறை ரிப்பேர். சில மாடல்களில் ட்ரஸ் ராடே (நெக் வளைவைத் திருத்த உள்ளே வைக்கும் கம்பி) கிடையாது, நெக் வளைவு தொழிற்சாலையில் எப்படி வந்ததோ அப்படித்தான் கடைசி வரை. என்னுடையதில் நட் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் பள்ளமுள்ள துண்டு) உயரமாக இருந்தது, எஃப் கார்டு பிடித்தால் சுருதி விலகும், வழக்கமாகப் போகிற கடையில் "இதுல நான் கை வைக்க மாட்டேன் சார், ஏதாவது ஆனா பார்ட்ஸ் கிடைக்காது" என்று கையை விரித்துவிட்டார். பேசிப் பேசித்தான் நட் பள்ளத்தை ராவ வைத்தேன். எனவே கையில் வாங்கிப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள், மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் எவ்வளவு இடைவெளி விடுகிறது என்று பாருங்கள், ஒரு தாள் நுழைகிற அளவு போதும். அதற்கு மேல் இருந்தால் விலை பேசுவதற்கு முன்பே நட் வேலையைக் கடைக்காரர் தலையில் கட்டிவிடுங்கள்.